தோசைக்கல்லில் பீட்சா

சில உணவுகள் ஊர் மாறும்போது தங்கள் பிறப்பை மறைத்துக்கொள்கின்றன. பீட்சா அவற்றுள் ஒன்று. ஈரோட்டில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடையில் அதைக் காணும் ஒருவர், செல்வர் வீட்டு மேசையில் பிறந்த பண்டம் என்றே அதை எண்ணுவார். உண்மை வேறு. இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில் கூலிகளும் மீனவர்களும் தெருவில் நின்றபடி தின்று பசியாறிய தட்டை ரொட்டியே பீட்சா. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா, தமது நேப்பிள்ஸ் பயணத்தைப் பற்றி 1843-இல் வெளியிட்ட நூலில், அந்நகரத்து ஏழைகள் கோடையில் தர்ப்பூசணியையும் குளிர்காலத்தில் பீட்சாவையும் உண்டு காலம் தள்ளுவதாக எழுதியுள்ளார். 1889-இல் இத்தாலிய அரசி மார்கரீட்டாவுக்கு ஒரு சமையற்காரர் தக்காளி, சீஸ், பச்சிலை ஆகிய மூன்றையும் இட்டுச் செய்து கொடுத்தார் என்றும், அதனால்தான் அவ்வகைக்கு அரசியின் பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர் சிலர் இதை ஐயுறுகின்றனர். எனினும் கதை சுவையானது, கடைக்காரர்களுக்கும் பயன்படுகிறது. 2017-இல் நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் தொழிற்கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் பன்னாட்டுக் கடைகள் இதை விற்கத் தொடங்கியது 1996-இல். முதலில் தில்லி, பெங்களூர் போன்ற பெருநகரங்களில்.

ஏழையின் உணவாகப் பிறந்த இப்பண்டம் நம் பக்கம் வந்து சேர்ந்தபோது, பெரிய பீட்சா ஒன்றின் விலை கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வெட்டச் செல்வோரின் ஒரு நாள் கூலியைத் தொட்டுவிட்டது. அப்படியாயின் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று சமையற்குறிப்பைத் திறந்தால், "ஓவனை 250 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்க" என்கிறது முதல் வரி. நம்மில் பலர் வீட்டில் ஓவன் கிடையாது. அந்த வரியோடு குறிப்பை மூடிவைத்துவிடுகிறோம். இங்குதான் இயற்பியல் மாணவனாகிய எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஓவன் என்னும் பெட்டி செய்யும் வேலை என்ன? அந்த வேலையை நம் வீட்டில் உள்ள வேறு பாத்திரங்களைக் கொண்டு செய்விக்க இயலாதா? இயலும். எப்படி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் மாவு. இருவர் உண்ண 250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என இரண்டு புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இவை ஒன்றோடொன்று பின்னி, குளூட்டென் என்னும் இழுபடும் வலையாகின்றன. புரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசி அடிக்கும்போது, அது கிழியாமல் வேட்டி போல விரிவது இந்த வலையால்தான். பீட்சா மாவையும் பத்து நிமிடம் விடாது பிசைய வேண்டும். சிறு உருண்டையை எடுத்து விரல்களால் மெல்ல விரித்தால், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குக் கிழியாமல் வர வேண்டும். அதுவே பதம்.

பிசைந்த மாவை உடனே விரித்தால் ரப்பர் போல் சுருங்கிக்கொள்ளும். நம் பக்கத்துப் பெண்கள் ஒப்பிட்டு தட்டும்போது, மைதாவை இளகப் பிசைந்து எண்ணெய் ஊற்றிப் பல மணி நேரம் ஊறவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறும் நேரத்தில் குளூட்டென் வலையின் இறுக்கம் தளர்கிறது. அதனால்தான் வாழையிலை மேல் விரல் பட்டதும் மாவு படர்ந்து கொடுக்கிறது. பீட்சா மாவுக்கும் இதே ஓய்வு தேவை. உருட்டுக்கட்டை வேண்டாம்; உருட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். ஒப்பிட்டு தட்டத் தெரிந்த கைக்குப் பீட்சா தட்டத் தனிப்பயிற்சி தேவையில்லை.

கம்பு, ராகி மாவில் செய்யக்கூடாதா என்று கேட்பவர் உண்டு. இவற்றில் குளூட்டென் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு கலக்கலாம். மணம் நன்றாகவே இருக்கும். முழுவதும் கம்பாக இருந்தால் கிடைப்பது கம்பு ரொட்டி. அதுவும் நல்ல உணவுதான், ஆனால் பீட்சா என்று பெயரிட வேண்டியதில்லை.

அடுத்தது புளிப்பு. தோசை மாவு பொங்குவது நமக்குப் புதிதன்று. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லூக்கோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் மாவின் சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவைப் பிடித்துவைக்கிறது. பீட்சாவில் அந்தப் பிடித்துவைக்கும் வேலையைக் குளூட்டென் செய்கிறது. வாயு உண்டாக்கும் வேலையை ஈஸ்ட் என்னும் ஒற்றைச்செல் பூஞ்சை செய்கிறது. ஒரு மூலக்கூறு குளுக்கோஸிலிருந்து இரண்டு மூலக்கூறு சாராயமும் இரண்டு மூலக்கூறு கரியமில வாயுவும் கிடைக்கும் என்று நாம் வேதியியல் வகுப்பில் எழுதிய சமன்பாடு இதுவே. சாராயம் சூட்டில் ஆவியாகிவிடும், அஞ்ச வேண்டாம். ஆப்ப மாவுக்குக் கள் சேர்க்கும் வழக்கம் இருந்ததும் கள்ளில் உள்ள ஈஸ்ட்டுக்காகவே. இப்போது மளிகைக் கடையில் சிறு பொட்டலமாக உலர் ஈஸ்ட் கிடைக்கிறது.

ஈஸ்ட்டைக் கரைக்கும் தண்ணீரின் சூடு முக்கியம். 30 முதல் 38 டிகிரி வரை அது சுறுசுறுப்பாக இருக்கும்; 60 டிகிரியை நெருங்கினால் இறந்துவிடும். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலில் விரல் வைத்துப் பார்க்கிறார்களே, அந்தச் சூடே அளவு. எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். வெப்பமானியைக் கையில் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார். ஆனால் அவர் விரல் சொன்ன பதத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 38 டிகிரி காட்டியது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். சமையற்குறிப்புகளில் "இரண்டு மணி நேரம் பொங்க விடுக" என்று இருக்கும். அது 20 டிகிரி அறைவெப்பம் உள்ள நாடுகளின் கணக்கு. சித்திரை மாதத்துக் கொடுமுடியில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரு மடங்காகிவிடும். மேலும் விட்டால் புளித்து வலை அறுந்து தொய்ந்துபோகும். எனவே கடிகாரத்தைப் பாராமல் மாவின் உயரத்தைப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, முதல் நாள் இரவே பிசைந்து உள்ளே வைத்தால் மணம் இன்னும் கூடும்.

இனி, ஓவனின் வேலைக்கு வருவோம். வெப்பம் மூன்று வழிகளில் பயணம் செய்கிறது: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பில், கூரையோடு கூடிய செங்கல் அறைக்குள் 430 முதல் 485 டிகிரி வரை சூடு நிற்கும். தளத்துச் செங்கல் கடத்தல் மூலம் ரொட்டியின் அடியை வேகவைக்கிறது. வளைந்த கூரை, கதிர்வீச்சின் மூலம் மேற்புறத்தைப் பொரிக்கிறது. 60 முதல் 90 நொடிகளில் வேலை முடிந்துவிடும். தோசைக்கல்லால் செய்ய இயன்றது இவற்றுள் முதல் வேலை மட்டுமே. தோசை மெல்லியது, திருப்பிப் போடலாம். தக்காளியும் சீஸும் பரப்பிய பீட்சாவைத் திருப்பிப் போட முடியாது. ஆக நம் சிக்கல் முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கும்: மேலிருந்து வெப்பத்தை எப்படிக் கொண்டுவருவது?

விடை நம் நாட்டுச் சமையலிலேயே இருக்கிறது. பிரியாணிக்குத் தம் போடும்போது அண்டாவின் மூடிமேல் தணலை அள்ளிப் போடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அடியில் நெருப்பு, மேலே நெருப்பு, நடுவில் சோறு. ஓவன் என்பது இதுதான்.

நான் செய்த அமைப்பு வருமாறு. கனமான வார்ப்பு இரும்புத் தோசைக்கல் ஒன்றை அடுப்பில் வைத்து, அதன் ஓரத்தில் மூன்று விரற்கடை உயரத்துக்கு மூன்று ஓட்டுச் சில்லுகளை அடுக்க வேண்டும். நடுவில் குழிந்த மற்றொரு பழைய தோசைக்கல்லை அச்சில்லுகளின் மேல் மூடி போல வைக்க வேண்டும். அதன் குழியில் கொட்டாங்கச்சிக் கரித்தணலைப் பரப்ப வேண்டும். கொட்டாங்கச்சிக் கரி புகையாது, நெடுநேரம் நின்று எரியும். காங்கேயம் பக்கம் தேங்காய் உடைக்கும் களங்களைச் சுற்றி இது மலிவாகக் கிடைக்கும். தணலைக் காற்றோட்டமான திறந்த வாசலில் மட்டுமே கையாள வேண்டும். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, மணமோ நிறமோ இன்றி ஆளைக் கொல்லும் வாயு. இதில் விளையாட்டு கூடாது.

மூடியாக இரும்புதான் வேண்டுமா, பளபளக்கும் எவர்சில்வர் தட்டு ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. கறுத்த பரப்பு வெப்பத்தை நன்றாகக் கதிர்வீசும். பளபளப்பான பரப்பு அதே சூட்டில் இருந்தாலும் மிகக் குறைவாகவே வீசும். நாம் பாடத்தில் படிக்கும் கரும்பொருள் இங்கே பழைய தோசைக்கல்லாக வந்து நிற்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் கரிப்பொடியை மட்டும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் பீட்சாவில் உதிரும். கறுப்பு நிறம் போகாது, அது போதும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். ஸ்டீபன் 1879-இல் கண்டறிந்து போல்ட்ஸ்மன் 1884-இல் நிறுவிய விதிப்படி, வீசப்படும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நேப்பிள்ஸ் கூரை 485 டிகிரி, அதாவது 758 கெல்வின். நம் மேற்கல் 250 டிகிரி, அதாவது 523 கெல்வின் என்று கொள்வோம். 758-ஐ 523-ஆல் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 4.4 வருகிறது. நேப்பிள்ஸில் 90 நொடி என்றால் நமக்கு ஏறக்குறைய ஆறரை நிமிடம். எங்கள் வாசலில் செய்து பார்த்தபோது மேற்புறத்தில் பொன்னிறப் புள்ளிகள் தோன்றியது ஏழாம் நிமிடத்தில். தேர்வுக்காக மட்டுமே மனப்பாடம் செய்திருந்த விதி ஒன்று அடுப்படியில் சரியாக வந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

கல்லின் சூட்டை அளக்கக் கருவி தேவையில்லை. தண்ணீர்த் துளியைத் தெளித்தால், 100 டிகிரிக்குச் சற்று மேல் அது சீறி ஆவியாகும். ஏறக்குறைய 200 டிகிரியைக் கடந்ததும் முத்துப்போல் உருண்டு ஓடும். துளியின் அடியில் உண்டாகும் நீராவி அதைத் தாங்கிப் பிடிப்பதே காரணம். லீடன்ஃப்ராஸ்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதை விளக்கி எழுதினார். துளி ஓடும் நிலை வந்ததும் மாவுத் தட்டை, ஒரு சாண் அகலத்தில், எண்ணெயின்றிக் கல்லில் போட வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் திருப்பிவிட்டு, வெந்த பக்கத்தின் மேல் தக்காளிக் குழம்பையும் சீஸையும் பரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் குழம்பின் ஈரம் பச்சை மாவுக்குள் இறங்காது. உடனே கீழ் அடுப்பைத் தணித்துத் தணற்கல்லை மேலே ஏற்ற வேண்டும். சில்லுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். நீராவி வெளியேற வழி வேண்டும். ஆவி நின்றால் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது, ரொட்டி இட்லி போல் வெளுத்துக் கிடக்கும். ரொட்டிக்குப் பொன்னிறமும் மணமும் தருவது, புரதமும் சர்க்கரையும் 140 டிகிரி அளவில் கூடி நிகழ்த்தும் வினை. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலார் மையாரின் பெயரால் அது வழங்குகிறது. முறுகல் தோசையின் மணமும் இவ்வினையால் வருவதே.

தணல் வசதி இல்லாதவர்கள் மேற்கல்லை இன்னொரு அடுப்பில் துளி ஓடும்வரை காய்ச்சி மூடலாம். நடுவே ஒருமுறை மீண்டும் காய்ச்ச வேண்டியிருக்கும். பிரஷர் குக்கரில் தண்ணீரின்றி மணல் கொட்டிச் சுடும் முறையைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குக்கர் மூடியின் பாதுகாப்பு வால்வில் இருப்பது குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை. வெறுஞ்சூட்டில் அது உருகிப் பாழாகும்.

இனிச் சீஸ். பீட்சாவுக்குரிய மொசரெல்லா, இத்தாலியின் கம்பானியா வட்டாரத்தில் எருமைப் பாலில் செய்யப்படுவது. எருமை நமக்கு அயலான விலங்கா? அங்கே எருமைப் பாலுக்குப் பெருமை. இங்கே அதைத் தேநீர்க் கடைக்கு ஊற்றிவிடுகிறோம். பாலைத் திரிய வைத்தால் பன்னீர் கிடைக்கும், ஆனால் பன்னீர் உருகுவதில்லை, இழுபடுவதுமில்லை. மொசரெல்லா ஏன் இழுபடுகிறது? பாலின் கேசின் என்னும் புரதத் துகள்களைக் கால்சியம் பாலம் போல் பிணைத்து நிற்கிறது. கால்சியம் முழுவதும் இருந்தால் கட்டி இறுகி நிற்கும், இழுபடாது. முழுவதும் நீங்கிவிட்டாலோ பொடிப்பொடியாகும். அமிலத்தால் ஒரு பங்கு கால்சியத்தை மட்டும் நீக்கினால், சூட்டில் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீளும். பன்னீருக்குப் பாலைக் கொதிக்கவிட்டுத் திரிக்கிறோம். கொதியில் பாலின் மற்றப் புரதங்கள் கேசினோடு ஒட்டிக்கொள்வதால் உருகும் தன்மை கெடுகிறது. ஆகவே வேறுபாடு பெரிதும் வெப்பநிலையில்தான் உள்ளது.

வீட்டில் செய்யும் வழி இது. பச்சைப் பாலில் நோய்க்கிருமி இருக்கலாம். ஆதலால் 2 லிட்டர் பாலை 63 டிகிரிக்குக் காய்ச்சி, அதே சூட்டில் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இதற்குச் சமையலறை வெப்பமானி தேவை. ஆய்வுக்கூடத்துப் பாதரச வெப்பமானியை எடுத்துச் செல்லும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் இப்போதே கைவிடுக. பிறகு 48 டிகிரிக்கு ஆறவிட்டு, வெள்ளை வினிகரைச் சிறிது சிறிதாக, லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி அளவில், மெல்லக் கலக்கியபடி ஊற்ற வேண்டும். பால் திரண்டு, தெளிநீர் இளம்பச்சையாகப் பிரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். திரண்டதைக் கையால் சேர்த்துப் பிழிந்து, 75 டிகிரி வெந்நீரில் முக்கி எடுத்து, மடித்து மடித்து இழுக்க வேண்டும். சற்று நேரத்தில் பட்டுப்போல் மினுமினுத்து நீளத் தொடங்கும். பிறகு உப்பிட்ட குளிர்நீரில் போட்டுவிடலாம். ஏறக்குறைய கால் கிலோ கிடைக்கும். ஒருசீராக்கப்பட்ட பாக்கெட் பாலில் செய்தால் கட்டி சரியாகச் சேராமல் நொறுங்குவது உண்டு. கறவைக்காரரிடம் வாங்கிய எருமைப் பாலே நம்பகமானது.

கடையில் சீஸ் வாங்குவோர் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பாற்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த போலிப் பொருளைச் சீஸ் என்று பெயரிட்டு விற்க உணவுச் சட்டம் இடந்தருவதில்லை. ஆயினும் தட்டில் வந்துவிட்ட பிறகு எது எதுவென்று யார் கண்டார்? வீட்டில் செய்வதில் இந்த ஐயம் இல்லை.

தக்காளிக் குழம்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கே வந்தது. ஆக இத்தாலியர்க்கும் அது வந்தேறிக் காய்தான். நம் நாட்டுத் தக்காளியில் நீரும் புளிப்பும் மிகுதி. பூண்டைத் தட்டிப் போட்டு, உப்புச் சேர்த்து, தொக்கு பதத்துக்குச் சுண்டவைத்துவிட வேண்டும். கடுகும் பெருங்காயமும் வேண்டாம். ஒட்டன்சத்திரம், கிணத்துக்கடவு, உடுமலைப்பேட்டைச் சந்தைகளில் விலை விழுந்து பழத்தைச் சாலையோரம் கொட்டும் காலங்களும் உண்டு. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய காலமும் உண்டு. மலிந்த நாளில் சுண்டவைத்து எடுத்துவைப்பவரே கெட்டிக்காரர்.

மணத்துக்கு இத்தாலியர் இடும் ஆரிகானோ நம் கடையில் விலை அதிகம். அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் என்னும் பொருள்கள் நம் கொல்லைப்புறத்துக் கற்பூரவல்லியிலும் உள்ளன. சளிக்குக் கசாயம் வைக்கும் அதே இலைதான். இரண்டு இலைகளைப் பொடியாக நறுக்கினால் போதும். மிஞ்சினால் மருந்து நெடி வரும். மார்கரீட்டாவின் மேல் இடும் பச்சிலையோ நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேயாகும். இரண்டுக்கும் தாவரவியல் பெயர் ஆசிமம் பேசிலிக்கம். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை இச்செடியினுடையதே. துளசி வேறு இனம். அதை இட்டால் சுவை மாறிவிடும்.

மைதாவைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு சொல். அதில் அல்லாக்சான் என்னும் நஞ்சு கலக்கப்படுவதாகவும் அதனால் நீரிழிவு வருவதாகவும் பரவலாகப் பேசப்படுகிறது. அல்லாக்சான், ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் செலுத்தி நீரிழிவை உண்டாக்கப் பயன்படும் பொருள் என்பது மெய்யே. ஆனால் மைதா உண்பதால் இப்பொருள் வழியாக மனிதர்க்கு நீரிழிவு வந்ததாகச் சான்று இல்லை. ரொட்டி மாவில் முன்பு சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை 2016-இல் அரசு தடை செய்துவிட்டது. மைதாவின் மெய்யான குறை வேறு. தவிடு நீக்கப்பட்டதால் நார்ச்சத்து மிகக் குறைவு. விரைவில் சர்க்கரையாக மாறிவிடும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உள்ளதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே பீட்சா திங்கள் ஒருமுறை செய்யும் பலகாரமாக இருக்கட்டும்; மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு கலப்பதும் நன்று. கலந்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்ட வேண்டும், தவிடு நீரை உறிஞ்சும்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் வெட்டக்கூடாது. இரண்டு நிமிடம் பொறுத்தால் சீஸ் சற்று உறைந்து, கத்தியோடு வழுக்கி வராமல் நிற்கும். மாவு மிஞ்சினால் எண்ணெய் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கி உள்ளே மடித்து, அதே தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டெடுக்கலாம். எங்கள் வீட்டில் பீட்சாவைவிட அதற்கே வரவேற்பு அதிகம்.